பால்கோவா ஊரில் பாலில்லாத டீ

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது ஏழு, வளர்த்தது ஒன்பது. கூடுதல் இரண்டும் செத்துப்போன என் தங்கச்சியின் பிள்ளைகள். ஒன்பதும் உருப்படியாக இருக்கின்றன. இதை முதலிலேயே எழுதிவிட்டால், பின்னால் வரும் கூத்தைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் மரியாதையோடு படிப்பார்கள்.

எழுத்து எனக்கு அறுபது வயதுக்கு மேல் வந்தது. மில் பக்கத்தில் நடந்த முதியோர் வகுப்பில், கையைப் பிடித்து எழுத வைத்த டீச்சருக்கு என் கடைசி மகளின் வயதுதான். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பகல் ஆகும். ஆகட்டும். எனக்கு எந்த பஸ்ஸையும் பிடிக்க வேண்டியதில்லை.

மூத்த மகன் வீட்டுப் பேத்தி சிங்கப்பூருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தாள். வந்தவள் நாற்பது பக்கம் எழுதி வாசித்தாள், தெருவே உட்கார்ந்து கேட்டது. அங்கே ரயிலில் யாரும் யாரோடும் பேசுவதில்லையாம். தெருவில் துப்பினால் பிடித்துக்கொள்வார்களாம். கேட்டு முடித்ததும் எனக்குத் தோன்றியது, அவள் சிங்கப்பூரைப் பற்றி எழுதலாம் என்றால் நான் ஸ்ரீவில்லிபுத்தூரைப் பற்றி எழுதக்கூடாதா? எங்கள் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான். ஆனால் நான் போனது வேறு நாடு. அங்கே நான் துப்பின கணக்குக்கு, சிங்கப்பூராக இருந்தால் என்னை வெளியே விட்டிருக்க மாட்டார்கள்.

மில் வாசலில் நாற்பது வருஷம் டீக்கடை வைத்திருந்தவள் நான். மூன்று ஷிப்டுக்கும் என் கையால் டீ. சங்கு ஊதினதும் பஞ்சு ஒட்டின தலைகளோடு ஓடி வருவார்கள். ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, மறு கையை இடுப்புக்குக் கீழே இறக்கி, நான் டீ ஆற்றுவதைப் பார்க்கவே சிலர் வருவார்கள். இப்போது மகன் ஆற்றுகிறான். பாதி கீழே போகிறது.

என் கடைசி மகள் மாரீஸ்வரியை ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற வீட்டில் கொடுத்திருக்கிறேன். கல்யாணம் ராஜபாளையத்தில், எங்கள் செலவு. வந்தவர்களுக்கெல்லாம் என் கையால் டீ. மாப்பிள்ளையின் அப்பா, என் சம்பந்தி, கிளாஸை வாங்கினார். பால்காரர்கள் பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் விடுவார்கள். நல்ல பால் நகத்திலேயே நிற்கும், தண்ணீர்ப் பால் ஓடிவிடும். என் டீயில் ஒரு சொட்டை எடுத்து அந்த மனுஷன் நகத்தில் விட்டார். பார்த்தார். பிறகு சொன்னார்:

"தண்ணி நல்லா சூடா இருக்கு."

அவ்வளவுதான். மிச்சத்தை வாழைமரத்து மூட்டில் ஊற்றினார். அன்று என் டீயில் ஒரு குறையும் கிடையாது.

மறுவாரம் மகளைக் கொண்டுபோய் விடும்போது, வெள்ளி டம்ளரில் பால் கொடுத்தார்கள். தாகமில்லை என்றேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டில் எனக்குத் தாகம் எடுக்கவில்லை. பேத்தி கோதை பிறந்தபோது போனேன், காது குத்துக்குப் போனேன், ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. இட்லி தின்பேன். "இட்லிலயும் தண்ணி இருக்கே அத்தை" என்று மருமகன் ஒருநாள் கேட்டார். மருமகனாகப் போய்விட்டதால் விட்டுவிட்டேன்.

இப்படி இருக்கையில், பக்கத்துப் பலசரக்குக் கடைக்கு மாரீஸ்வரியின் போன் வந்தது.

"அம்மா, மாமாவுக்கு டாக்டர் பாலை நிறுத்திட்டாக. நெய், சீனி எதுவும் கூடாதாம். பத்து நாளா காலையில ஒண்ணும் தொட மாட்டேங்காக. வெறும் வயித்துல மாத்திரையப் போட்டுட்டு அடுப்பு முன்னால போய் நிக்காக. நேத்து தலை சுத்திருச்சு. ரெண்டு சாண் தள்ளியிருந்தா கொதிக்கிற சட்டிக்குள்ள விழுந்திருப்பாக."

"டாக்டர் வேற எதுவும் சொல்லலையா?"

"பாலில்லாத டீ குடிங்க, ரெண்டு இட்லி தின்னுங்க, பொறவு மாத்திரை போடுங்கன்னாக. மாமாவுக்கு மொதல்ல நெஞ்சுல கனமா ஒண்ணு இறங்கணுமாம், இல்லாட்டி இட்லி இறங்காதாம். தெருவுல மருமக மாமனாரப் பட்டினி போடுதான்னு பேசுதாக. அம்மா, டீன்னா நீதான். வாரியா?"

ஐம்பது வருஷமாக விடியற்காலையில் முதல் சட்டிப் பாலில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வேலை பார்த்த மனுஷன். எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் சட்டிக்குள் விழட்டும் என்று நினைக்கிற அளவுக்குப் பிடிக்காமல் இல்லை. அதோடு, மகள் குரல் உடைந்திருந்தது.

"வாரேன்" என்றேன். வைத்த பிறகுதான் யோசித்தேன். நாற்பது வருஷத்தில் பாலில்லாத டீயை நான் ஒரு நாளும் போட்டதும் இல்லை, குடித்ததும் இல்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை.

முதல் நாள்

கட்டைப் பையில் என் கடைத் தூள் ஒரு டப்பா, பித்தளைச் செம்பு, இரண்டு கிளாஸ், வடிகட்ட ஒரு உருளை பேண்டேஜ் துணி. எங்கள் பக்கத்துத் தறிகளில் ஆஸ்பத்திரிகளுக்கென்று பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். எங்களுக்கு அது ஆஸ்பத்திரிச் சாமான் இல்லை. டீ வடிகட்ட, தயிர் தொங்கவிட, இட்லித் தட்டில் விரிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். புதுத்துணியை இரண்டு தரம் வெந்நீரில் அலசினால் போதும்.

ஆனால் உருளை பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போதே, "நர்சம்மாவுக்கு எடம் விடுங்கப்பா" என்றான். சன்னல் சீட்டு கிடைத்ததால் நான் மறுக்கவில்லை. பக்கத்தில் சேத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா. கொஞ்ச நேரம் என் பையையே பார்த்தாள். பிறகு சேலையை முழங்கால் வரை தூக்கினாள்.

"நீர் கோத்திருக்கும்மா. எறங்கி ஏற முடியல. என்னன்னு செத்தப் பாருங்க."

"நான் டீ போடுதவ தாயி."

"பாக்குறதுக்கு என்னம்மா, பாருங்க. எங்க ஊரு நர்சம்மா தொட்டே பாக்க மாட்டாக."

தொட்டுப் பார்த்தேன். துணியில் ஒரு முழம் கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டேன். ஒன்பது பிள்ளைகளின் முட்டியைக் கட்டின கை. அதற்குள் முன் சீட்டுக்காரர் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்ட ஆரம்பித்தார். நல்லவேளை, டயர் வெடித்தது.

எல்லாரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். எங்கள் ஊர்க்காரர்கள் சும்மா நிற்க மாட்டார்கள். ஒருத்தர் ஸ்டெப்னியை உருட்டினார், ஒருத்தர் ஜாக்கியை வாங்கிக்கொண்டார், இரண்டு பேர் டிரைவருக்கு வேலை சொல்லிக்கொடுத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். ஊர் வித்தியாசம் எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. இவர்கள் சங்குச் சத்தத்துக்கு வளராதவர்கள். பால் சுண்டுகிற நேரம் சுண்டும் என்று காத்திருந்து பழகினவர்கள்.

"ஆச்சிகிட்ட தூளு இருக்கு, துணி இருக்கு. ஒரு அடுப்பும் கொண்டாந்திருந்தா இப்ப எல்லாருக்கும் டீ" என்றான் கண்டக்டர்.

"நர்சம்மான்னு சொன்னியே?"

"தூள் வாசம் இப்பதான் அடிக்கி ஆச்சி."

அரை மணி நேரப் பயணம் இரண்டு மணி நேரமானது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினதும் பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு கோலி சோடா குடித்துக்கொண்டேன். சபதம் இருக்கிறதே, அங்கே போய்க் குடிக்க முடியாது.

சம்பந்தி வீட்டை விலாசம் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டாம், மூக்கு கொண்டுபோய் விட்டுவிடும். பால் சுண்டுகிற வாசமும் புளிய விறகுப் புகையும். முன்கட்டில் வீடு, பின்கட்டில் நான்கு அடுப்பு, நான்கு இரும்புச் சட்டி. என் மருமகனும் ஆட்களும் நீளத் துடுப்பால் துழாவிக்கொண்டே இருக்கிறார்கள். நிறுத்தினால் அடிப்பிடிக்கும்.

சம்பந்தி அடுப்புப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

"வாங்க தங்கச்சி. பஸ் லேட்டோ?"

"ஆமா அண்ணாச்சி. ஒடம்பு எப்படி இருக்கு?"

"இருக்கு."

பன்னிரண்டு வருஷமாக நாங்கள் பேசிக்கொள்கிற அளவு இதுதான்.

மாரீஸ்வரி என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போய் ஒரு தகர டின்னைக் காட்டினாள். கப்பலில் வேலை பார்க்கும் கொழுந்தன் போன தடவை சீமையிலிருந்து கொண்டுவந்தது. வெள்ளைக்காரர்கள் காலைச் சாப்பாட்டோடு குடிக்கிற டீயாம், கெட்டி டீயாம். பக்கத்தில் ஒரு கிண்ணம். அதில் தார் மாதிரி ஏதோ ஒன்று, கரண்டி விழாமல் நிமிர்ந்து நின்றது.

"இது என்னட்டி?"

"டீதான். நாலு நாளைக்கு முன்னால மாமாவே போட்டாக."

விஷயம் இதுதான். பாலில்லாத டீ கனமாக இருக்க வேண்டும். கனமாக வேண்டும் என்றால் சுண்டக் காய்ச்ச வேண்டும். அந்த வீட்டில் எல்லாச் சாமானுக்கும் அது ஒன்றுதான் வழி. கால் டின் தேயிலையைப் பெரிய சட்டித் தண்ணீரில் போட்டு, புளிய விறகில் எரித்து, மூன்று மணி நேரம் துடுப்பால் துழாவி, இந்தக் கிண்ணத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். டீயில் கோவா கிண்டின ஆள் உலகத்திலேயே இவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன். காது வரைக்கும் இழுத்தது. ஓடிப்போய்ச் சாம்பல் குழியில் துப்பினேன்.

"இதப் புண்ணுக்குத் தடவலாம்" என்றேன், அவர் காதில் விழும்படி.

"தங்கச்சி கட்டுத்துணி கொண்டாந்திருக்காக. தடவிக் கட்டிரலாம்" என்றார் அவர், முக்காலியிலிருந்து எழாமலே.

இரண்டாம் நாள்

விடிந்ததும் நான் அடுப்படியைக் கைப்பற்றினேன். என் தூள், என் துணி, என் கை. கடையில் செய்கிற மாதிரியே தண்ணீரைக் கொதிக்கவிட்டுத் தூளைப் போட்டு, தளதளவென்று காய்ச்சி வடித்தேன். கோதை பள்ளிக்கூடம் கிளம்பாமல் நின்று பார்த்தாள். கையைத் தூக்கி ஆற்றினேன். நுரை வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. பால் இல்லாத நுரைக்கு நிற்கத் தெரியவில்லை.

கொடுக்கிறதற்கு முன்னால் ருசி பார்க்க வேண்டுமே. ஒரு வாய் எடுத்தேன். நாக்கில் உருட்டினேன். துப்பினேன்.

"ஏன் ஆச்சி துப்புறீங்க?" என்றாள் கோதை.

"ருசி பாக்குறவ முழுங்கக்கூடாது. முழுங்கினா அடுத்த ருசி தெரியாது." அந்த நேரத்துக்கு வாயில் வந்த பொய். தேயிலை எஸ்டேட்டுகளில் ருசி பார்க்கிற உத்தியோகஸ்தர்களும் துப்பத்தான் செய்வார்கள் என்று கோதையின் டீச்சர் பிறகு சொன்னாராம். நான் சொல்கிற பொய் பெரும்பாலும் எங்கேயாவது உண்மையாக இருக்கும்.

ஆனால் அந்த ஒரு வாயில் எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. அது நாற்பது வருஷமாக நான் விற்ற டீ. பாலும் சீனியும் இல்லாமல் இப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன். கசப்பு. கசப்புக்குப் பின்னால் மண்ணெண்ணெய். கடையில் தூள் டப்பாவை ஸ்டவ்வுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில்தான் வைப்போம். நாற்பது வருஷம் அந்த வாசத்தைப் பால் போர்த்தி வைத்திருந்தது. மில்லுக்காரர்கள் ஒருத்தரும் சொன்னதில்லை. என் கை ராசி என்று வேறு சொன்னார்கள்.

இருந்தாலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? அவர் கிளாஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் விட்டார். ஓடியது. அதே நகம், அதே மனுஷன். ஒரு வாய் குடித்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சொன்னதையே சொல்லப் போகிறார் என்று நின்றேன். சொல்லவில்லை. கிளாஸைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, மாத்திரையை வெறும் வாயில் போட்டு விழுங்கினார். பேசியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். அந்த மனுஷன் அதற்கும் இடம் வைக்கவில்லை.

பத்து மணிவாக்கில் பின்கட்டில் துடுப்பு விழுகிற சத்தம். ஓடிப் பார்த்தால், மருமகன் அவரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தோளில் கிடந்த துண்டின் நுனி அடுப்பில் விழுந்து எரிகிறது. மாரீஸ்வரி செம்புத் தண்ணீரை எடுத்து ஊற்றினாள். மாமனார் மேல் பாதி, துண்டில் பாதி.

"ஒண்ணுமில்ல. காலு மரத்துப்போச்சு" என்றார் சம்பந்தி. முகம் வெள்ளைத் தாளாக இருந்தது.

"இன்னும் ரெண்டு நாள் இப்படி இருந்தா மதுரைக்குக் கொண்டுபோய்ப் பெட்ல போடணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு அத்தை" என்றார் மருமகன், அவருக்குக் கேட்காத குரலில். "அடுப்ப விட்டுப் போக மாட்டேங்காரு. அங்க போய்ப் படுத்தா எந்திரிக்க மாட்டாரு. அது எனக்குத் தெரியும்."

மாரீஸ்வரி என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் தேர்க்கூட்டத்தில் தொலைந்து திரும்பக் கிடைத்தபோது பார்த்த அதே பார்வை.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினேன். ஒரு டீக்கடை விடாமல் ஏறினேன். "பாலில்லாம ஒரு டீ போடுப்பா" என்றால் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, "யாருக்கு ஆச்சி காய்ச்சல்?" ஒருத்தன், "இந்த ஊருல வந்து பால் வேண்டாங்கிறவங்கள உக்கார வைக்கக் கூடாது ஆச்சி, முதலாளி வைவாரு" என்றான். ஆறு கடையில் ஆறு டீ. கடையில் துப்ப வேண்டியதில்லை, சபதம் அந்த வீட்டுக்கு மட்டும்தான். ஆனால் துப்பத்தான் வந்தது.

கடைசியாக ஒரு தேயிலைக் கடை. கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் நாலைந்து டப்பாவில் வகைவகையாக வைத்திருந்தார். சங்கடத்தைச் சொன்னேன்.

"நம்ம கடைங்கள்ல போடுற தூளு பாலுக்குன்னே உள்ளதும்மா. கொதிக்கக் கொதிக்கச் சாயம் விடும், பால் கசப்ப வாங்கிக்கிடும். பால் இல்லாமக் குடிக்கிறது இலை மாதிரி இருக்கும். அதக் கொதிக்க வைக்கக் கூடாது. ஊற வைக்கணும். வீட்டுல ஏதோ டின்னு இருக்குன்னீங்களே, அதுல என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுப் பாத்தீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் நான்கு பேருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும். டின்னை ஒருத்தரும் வாசிக்கவில்லை. டீ போட வாசிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? எனக்கே தோன்றவில்லை.

மூன்றாம் நாள்

பத்தாவது வரை படித்த மாரீஸ்வரி டின்னைத் திருப்பித் திருப்பி வாசித்தாள்.

"ஒரு ஆளுக்கு ஒரு கரண்டி. பாத்திரத்துக்குன்னு ஒரு கரண்டி."

"பாத்திரமுமா குடிக்கும்?" என்றார் சம்பந்தி. முக்காலியைச் சமையல்கட்டு வாசலுக்கே கொண்டுவந்திருந்தார்.

"கொதிச்ச தண்ணிய ஊத்தி மூடணும். நாலு நிமிசம். அடுப்புல வைக்கவே கூடாதாம்."

"கொதிக்காத டீ ஒரு டீயா" என்றேன் நான்.

"சுண்டாத சாமான் ஒரு சாமானா" என்றார் அவர்.

பன்னிரண்டு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றது அப்போதுதான். மாரீஸ்வரி இரண்டு பேரையும் முறைத்தாள். நான் வாயை மூடிக்கொண்டு தண்ணீரை வைத்தேன்.

நாலு நிமிஷத்தை எப்படி அளப்பது? அந்த வீட்டுக் கடிகாரம் இருபது நிமிஷம் முன்னால் ஓடும், அதுவும் நினைத்தால்தான். மருமகன் கைக்கடிகாரம் ரிப்பேருக்குப் போயிருந்தது. எங்கள் கடையில் சங்குதான் மணி. இங்கே சங்கும் இல்லை.

"நான் எண்ணுதேன்" என்றார் சம்பந்தி. மூலையில் சாய்த்து வைத்திருந்த காலித் துடுப்பை எடுத்துத் தரையில் ஊன்றி, காற்றில் துழாவ ஆரம்பித்தார். ஐம்பது வருஷமாக ஒரே வேகத்தில் ஓடின கை. ஒன்று, இரண்டு, மூன்று. "நூறு. எடுங்க."

வடித்தேன். வைக்கோல் நிறம். ருசி பார்த்தேன். துப்பினேன். "பத்தாது."

இரண்டாவது தடவை அவர் வேண்டுமென்றே நானூறு வரை போனார். கடுகடுவென்று கசந்தது. துப்பினேன்.

மூன்றாவது தடவை செம்பில் முதலில் வெந்நீர் ஊற்றி அலசிக் கொட்டினேன், செம்பு சூடாக இருக்கட்டும் என்று. இரண்டு கரண்டி இலை. தளதளவென்று கொதிக்கிற தண்ணீர். தட்டால் மூடி, பேண்டேஜ் துணியால் செம்பைக் கழுத்து வரை சுற்றிக் கட்டினேன். சூடு போகாது. பார்க்க, மண்டை உடைந்த ஆள் மாதிரி இருந்தது. அவர் துழாவினார். நான் செம்பின் மேல் காதை வைத்துக் குனிந்திருந்தேன். எதற்கு என்று தெரியாது, கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

இருநூற்று முப்பதில் வாசம் மாறியது. பச்சை வாசம் போய், புது மண்பானையில் மழைத்தண்ணீர் விழுந்த மாதிரி ஒன்று வந்தது.

"எடுக்கேன்" என்றேன்.

"எடுங்க" என்றார். அவர் மூக்குக்கும் தெரிந்திருந்தது.

மாரீஸ்வரி விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "ஒரு நிமிசத்துக்கு அறுபதுன்னா நாலு நிமிசம் எரநூத்தி நாப்பது. மாமா, பத்துதான் கொறச்சல்."

"வெள்ளைக்காரன் கை மெதுவா இருக்கும்" என்றார் அவர்.

வடித்தது மருதாணி பிடித்த கை போலச் சிவந்து கிளாஸில் நின்றது. நான் ஒரு வாய் எடுத்தேன். முதலில் நாக்கின் இரண்டு ஓரமும் சுருங்கியது, பிறகு விரிந்தது. கசப்பு இருந்தது, ஆனால் மிளகில் காரம் இருக்கிற மாதிரி, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கனம் இருந்தது. சாம்பல் குழிக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தேன். துப்ப மனசே வரவில்லை, அது வேறு விஷயம்.

"இது டீ" என்று அவரிடம் நீட்டினேன்.

வாங்கவில்லை.

"நீங்க குடிங்க மொதல்ல."

"ருசி பாத்துட்டேனே."

"துப்புனீங்க. மூணு நாளா துப்புதீங்க. பன்னெண்டு வருசமா பாத்துக்கிட்டிருக்கேன் தங்கச்சி, இந்த வீட்டுல ஒரு வாய் தண்ணி எறங்கல உங்களுக்கு. நீங்க முழுங்காததை என்னைய முழுங்கச் சொன்னா எப்படி?"

மாரீஸ்வரி சுவரோடு சுவராக நின்றாள். இட்லி கொப்பரையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. மாத்திரைச் சீட்டு தட்டில் கிடந்தது. இவர் குடிக்காவிட்டால் இன்றைக்கும் வெறும் வயிறு, இன்றைக்கும் அடுப்படி. அது எனக்குத் தெரியும். ஆனாலும் பன்னிரண்டு வருஷ வீம்பு ஒரு நிமிஷத்தில் வாய் திறக்காது.

"அப்ப கலியாணத்தன்னைக்குச் சொன்னத திருப்பி வாங்கிக்கிடுங்க" என்றேன்.

"என்ன சொன்னேன்?"

"தண்ணி நல்லா சூடா இருக்குன்னு."

அவர் துடுப்பைச் சுவரில் சாய்த்தார். அவசரப்படாமல் என்னைப் பார்த்தார்.

"எம்புட்டுப் பேருக்குத் தூளு போட்டீங்க அன்னைக்கு?"

நான் கிளாஸைத் தரையில் வைத்தேன்.

"எங்க பக்கம் ரெண்டு பஸ்சுதான் வரும்னு சொல்லிவிட்டிருந்தோம். வந்தது நாலு. தப்பு எங்க மேலதான். நீங்க என்ன செஞ்சீங்க? கொதிச்ச தண்ணிய ரெண்டு குடம் சேத்தீங்களா, இல்லையா? நான் அம்புட்டுப் பேரு முன்னாலயும் தண்ணி சேத்திருக்குன்னா சொன்னேன்? சூடா இருக்குன்னுதான் சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல, செத்துப்போன என் பொஞ்சாதிகிட்டகூட."

சேர்த்தேன். இரண்டு குடம் இல்லை, மூன்று. மேலே ஒரு பக்கத்தில், என் டீயில் ஒரு குறையும் கிடையாது என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்கப் போவதில்லை, அப்படியே கிடக்கட்டும். அந்த நேரத்தில் அடுப்புக்குப் பின்னால் யாரும் இல்லை என்று நினைத்துத்தான் ஊற்றினேன். பால் நிறத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அந்த ஒரு நகத்துக்குத் தெரிந்துவிட்டது. அவர் என்னை அவமானப்படுத்திவிட்டார் என்று பன்னிரண்டு வருஷம் தாகத்தோடு இருந்தேனே, அவர் சொன்னதற்காக இல்லை. கண்டுபிடித்ததற்காக.

"மூணு கொடம்" என்றேன்.

"மூணா?" என்றார். "அப்ப நல்லாத்தான் போட்டிருக்கீங்க. எனக்கு ரெண்டுதான் தெரிஞ்சது."

மாரீஸ்வரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நான் பார்க்கவில்லை.

கிளாஸை எடுத்தேன். ஒரு வாய் குடித்தேன். விழுங்கினேன். சூடு நெஞ்சு வழியாக இறங்கி வயிற்றில் போய் உட்கார்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். தாகமாகத்தான் இருந்தது, கோலி சோடாவில் எத்தனை நாள் ஓட்டுவது? முழுக் கிளாஸும் காலியானது.

"எனக்கு?" என்றார் சம்பந்தி.

மறுபடி தண்ணீர், மறுபடி செம்பு, மறுபடி இருநூற்று முப்பது. இந்தத் தடவை நகத்தில் ஒரு சொட்டு விட்டார். ஓடத்தான் செய்தது. ஓடின வழி மட்டும் நகத்தில் சிவப்பாக நின்றது. அதைப் பார்த்தார். பிறகு குடித்தார். பாதியில் நிறுத்தவில்லை. கிளாஸைக் கீழே வைத்தார், உதட்டைத் துடைத்தார், நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. அந்த வாயில் அது வராது, நானும் எதிர்பார்க்கவில்லை.

"ஏட்டி மாரீசு," என்றார், "ரெண்டு இட்லி எடு."

தட்டை எடுத்துக்கொண்டு ஓடினவள் நிலைப்படியில் இடித்துக்கொண்டாள். கட்டுப்போட என்னிடம் துணி இருந்தது.

நான்காம் நாள்

காலையில் மூன்று இட்லி. பிறகு மாத்திரை. நான் பை கட்டும்போது அவர் பின்கட்டில் துழாவிக்கொண்டிருந்தார், நின்ற இடத்தில் ஆடாமல். பேண்டேஜ் உருளையை மாரீஸ்வரியிடமே விட்டுவிட்டேன். பஸ்ஸில் நர்சம்மா இல்லாததால் உட்கார இடமும் கிடைக்கவில்லை, நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் கடைக்குப் போய் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கித் தெருவோரம் வைத்தேன். மகன் எதற்கு என்று கேட்டான். அப்படித்தான் என்றேன். இவ்வளவு பெரிய விஷயத்தை அவனிடம் எப்படிச் சொல்வது? அதனால்தான் எழுதினேன்.

இப்போது பள்ளிக்கூட லீவுக்குக் கோதை வந்திருக்கிறாள். பிழையெல்லாம் அவள்தான் திருத்தினாள். எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும், அதனால் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன். கோதை, இந்தா, முதல் வரியிலிருந்து மெதுவாக வாசி, எனக்கு அவசரமில்லை. மூன்று குடம் வருகிற இடத்தில் மட்டும் எழுந்து போய்த் தெருச் சன்னலைச் சாத்திவிட்டு வாசி.